பன்னிரண்டு லட்சம் என்கிறார்கள், மாதம் கையில் எவ்வளவு?

வேலை மாறுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சம்பள விவரத்தாளை இணைத்து அனுப்பியவருக்கு முதலிடம். எண்கள் இருந்தால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது.

கேள்வி: கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். இதே கம்பெனியில் 4 வருடம் 5 மாதம் ஆகிறது. சி.டி.சி. (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 9 லட்சம். மாலை ஆறரைக்கு வீட்டில் இருப்பேன், டீம் லீடும் நல்ல மாதிரி. சென்னைப் பக்கம் சிறுசேரியில் 12 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. "மூணு லட்சத்தை எவனாவது விடுவானா?" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் வரி வரியாகக் கழித்துப் பார்த்தோம். முதலில் இப்போதைய வேலை. 9,00,000-இல் கம்பெனி பங்கு பி.எஃப். 21,600 (மாதம் 1,800 என்ற வரம்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்). கிராஜுவிட்டிக்கு (விலகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது 21,645. மீதி 8,56,755. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 21,600, தொழில் வரி 2,500 போக வருடத்துக்கு 8,32,655. மாதம் சுமார் 69,390 வங்கியில் விழுகிறது.

இனி சிறுசேரி. 12,00,000-இல் 1,80,000 வேரியபிள், அதாவது கூடலாம் குறையலாம் என்ற ஊக்கத்தொகை. அது மாதச் சம்பளத்தில் வராது. பேசிக் 6 லட்சம், அது முழுவதற்கும் 12 சதவீதம் பி.எஃப். கணக்கிடுவதால் கம்பெனி பங்கு 72,000. கிராஜுவிட்டி 28,860. குழுக் காப்பீட்டு பிரீமியம் 12,000-ஐயும் உங்கள் தலையிலேயே எழுதியிருக்கிறார்கள். மிஞ்சுவது 9,07,140. உங்கள் பங்கு பி.எஃப். 72,000, தொழில் வரி 2,500 கழித்தால் 8,32,640. மாதம் அதே 69,390. வருடக் கணக்கில் 15 ரூபாய் குறைவு! புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் வருமான வரி இரண்டிலும் இல்லை.

மூன்று லட்சம் மாயமாகிவிடவில்லை. பி.எஃப்.-இல் இரு பங்கும் சேர்த்து வருடம் 1,00,800 கூடுதலாகச் சேரும். அது உங்கள் பணம்தான், ஆனால் சென்னை வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் உதவாது. சில கம்பெனிகள் பி.எஃப்.-ஐ 1,800-ஆக வைத்துக்கொள்ள அனுமதிக்கும். சேரும்போதே கேட்டால்தான் உண்டு, பின்னால் குறைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வேரியபிளைப் பற்றி எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கடந்த இரண்டு வருடம் இந்த டீமுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? காலாண்டுக்கு ஒருமுறையா, வருடத்துக்கு ஒருமுறையா? கொடுக்கும் தேதியில் வேலையில் இருந்தால்தான் உண்டா? முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் வேரியபிளைப் பாதியாக மதிப்பிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, கிராஜுவிட்டி. உங்கள் பேசிக் மாதம் 37,500. ஐந்து வருடத்துக்கு 15/26 கணக்கில் (மாதத்தை 26 நாளாக வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) 1,08,173 ரூபாய் வரும். சட்டம் கேட்பது ஐந்து வருடத் தொடர் பணி. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் பல கம்பெனிகள் முழு ஐந்து வருடம் என்றே பிடிவாதம் பிடிக்கும். 90 நாள் நோட்டீஸை முழுமையாக முடித்தால் நீங்கள் அந்த 240 நாளை ஒட்டி வந்துவிடுவீர்கள். புது கம்பெனி "நோட்டீஸை நாங்களே பை-அவுட் பண்ணிக்கிறோம்" என்று, மீதி நோட்டீஸ் நாளுக்கான பணத்தைத் தானே கட்டுவதாகச் சொல்லி அவசரப்படுத்த, நீங்களும் ஒப்புக்கொண்டால் லட்ச ரூபாய் போச்சு.

எங்கள் கருத்து: இந்தத் தாளை நம்பி ஆறரை மணி வீட்டை விடாதீர்கள். வேரியபிளைப் பாதியாக்கி அந்தத் தொகையை நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், காப்பீட்டை சி.டி.சி.க்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மாதம் 85,000 கையில் வரும் என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது பேசலாம்.

கேள்வி: இன்டர்வியூவில் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? ரிவ்யூ தளங்களை நம்பலாமா?

பதில்: பலரும் தொடாத ஒரு இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு இல்லை. நிறுவனம் மாதாமாதம் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டியது, எத்தனை ஊழியர்களுக்குக் கட்டியது என்று அதில் வரும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்று மாதப் பாக்கி ஒரே நாளில் கட்டப்பட்டிருந்தால் அங்கே பணம் புரளவில்லை என்று அர்த்தம். அடுத்து தள்ளிப்போவது சம்பளமாக இருக்கலாம். ஊழியர் எண்ணிக்கையையும் ஒரு வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். "வேகமாக வளர்கிறோம்" என்று சொல்லும் கம்பெனியில் எண்ணிக்கை மாதாமாதம் இறங்கினால் காரணம் கேட்க வேண்டியதுதான். ஒப்பந்த ஊழியர்களும் பி.எஃப். வரம்புக்கு வெளியே இருப்பவர்களும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ரிவ்யூ தளங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளிவிடுங்கள். முதலாவது பெரும்பாலும் எச்.ஆர். சொல்லி எழுதியது, இரண்டாவது கோபத்தில் எழுதியது. இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள் சொல்வதில்தான் சரக்கு இருக்கும். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு பதவிக்காரர்கள் ஒரே குறையைச் சொன்னால் அதை நம்பலாம். ஒரே வாரத்தில் பத்துப் பாராட்டு வந்திருந்தால் அதையும் கவனியுங்கள்.

இன்டர்வியூவில் "வொர்க் கல்ச்சர் எப்படி சார்?" என்று கேட்டால் "ஃபேமிலி மாதிரி" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், போன ரிலீஸின்போது டீம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, சனிக்கிழமை வேலை பார்த்தால் மாற்று விடுப்பு உண்டா, கடைசியாக யார் எடுத்தார். வருங்கால மேனேஜரிடமே இதைக் கேட்க வேண்டும். அவரைப் பார்க்கவே விடாமல் எச்.ஆரோடு முடித்து "இன்று மாலை ஆறுக்குள் கையெழுத்து" என்றால், உள்ளேயும் காரியங்கள் அப்படித்தான் நடக்கும்.

அங்கிருந்து விலகிய ஒருவரையாவது பிடியுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்பதைவிட "கடைசியா லீவு கேட்டப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். முடிந்தால் ஒரு வேலை நாளில் இரவு எட்டரைக்கு அந்த அலுவலக பைக் ஸ்டாண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்க நிறுவனங்களை வைத்து 2022 ஜனவரியில் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மை இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆட்கள் வெளியேறுவதை முன்கூட்டிக் காட்டுவதில் நச்சுச் சூழல் சம்பளத்தைவிட 10.4 மடங்கு வலுவானது என்றது. இதை வைத்து "சம்பளம் முக்கியமில்லை" என்று சொல்லும் எச்.ஆர்.களிடம் ஜாக்கிரதை. ஆய்வு சொன்னது ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதை மட்டும்தான்.

கேள்வி: திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். 38,000 கையில் வருகிறது. காலை 9 முதல் மாலை 6.30 வரை, வாரம் ஆறு நாள். வேறு கம்பெனியில் 45,000 தருகிறார்கள், ஆனால் இரவு 9 வரை இருக்க வேண்டுமாம். 2 லட்சம் வெளிக் கடன் இருக்கிறது, 2 வட்டி. மாதம் 4,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதைய இடத்தில் நிம்மதியாக இருக்கிறேன் என்பதால் மனசு வரவில்லை.

பதில்: போய்வர ஒரு மணி நேரம் என்று வைத்தால், இப்போது நாளுக்கு பத்தரை மணி, 26 நாளுக்கு 273 மணி நேரம்; மணிக்கு 139 ரூபாய். புதிய இடத்தில் 13 மணி, மாதம் 338 மணி நேரம், மணிக்கு 133. நேரத்தை வைத்துப் பார்த்தால் சம்பளம் குறைகிறது. கடன் இல்லாதவராக இருந்தால் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று சொல்லி முடித்திருப்போம்.

ஆனால் 2 வட்டிக் கடன் வருடத்துக்கு 24 சதவீதம். வட்டி மட்டும் கட்டும்வரை அசல் அசையாது. கூடுதலாக வரும் 7,000-ஐ அப்படியே சேர்த்து மாதம் 11,000 கட்டினால் 23 மாதத்தில் கடன் முடிந்துவிடும். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும், அதை முதலில் பேசுங்கள். சம்மதிக்காவிட்டால் 7,000-ஐத் தனியாகச் சேர்த்து, 50,000 சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள். அதனால் எங்கள் ஓட்டு 45,000-க்கு, இரண்டு வருடத்துக்கு மட்டும்.

போவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு எத்தனை பையர், ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டைல் ஓடும்? டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் ஓட ஃபாலோ-அப் ஆள் தனியாக உண்டா, இல்லை அதுவும் உங்கள் தலையிலா? லேப் டிப் (சாயம் போடும் முன் நிறம் பார்க்க அனுப்பும் துணி மாதிரி) அப்ரூவல் பையரிடமே பத்து நாள் தேங்கினால் டி அண்ட் ஏ சார்ட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) மற்ற தேதிகளைத் தள்ளுவார்களா, இல்லை கட்டிங் தேதி அப்படியே நிற்குமா? அப்படியே நின்றால் 9 மணி என்பது ஷிப்மென்ட் வாரத்தில் 12 மணி ஆகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: சரக்கு தாமதமாகி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? மெர்ச்சண்டைசர் சம்பளத்தில் பிடித்த வரலாறு இருக்கிறதா என்று அங்கே வேலை பார்த்தவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் 7,000 என்ன, 15,000 கூடக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: மதுரையில் தனியார் மருத்துவமனை நர்ஸ். சம்பளம் 20,500. இன்னொரு மருத்துவமனை 22,000 தருகிறது. இ.எஸ்.ஐ. போய்விடும் என்கிறார்கள். அப்பா, அம்மா என்னோடு இருக்கிறார்கள்.

பதில்: போய்விடும். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், சுமார் 154 ரூபாய், மருத்துவமனை 3.25 சதவீதம் கட்டுகிறது. இதற்கு உங்களுக்கும் உங்களைச் சார்ந்த பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. நீங்கள் படுத்துவிட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. கூடுதல் வரவு மாதம் சுமார் 1,650. வருடத்துக்கு 20,000 கூட இல்லை. பெற்றோரின் வயதைச் சொல்லி ஒரு குடும்பக் காப்பீட்டு பிரீமியம் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அறுபது தாண்டியவர்கள் என்றால் அந்த உயர்வு அதிலேயே கரையும்.

இப்போதைய மருத்துவமனையிலேயே உயர்வு கேட்டுப் பாருங்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என இ.எஸ்.ஐ.க்கு இரண்டு சந்தா காலம் உண்டு. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பாதுகாப்பு தொடரும்.

புதிய இடத்தின் சூழலை வார்டில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை, ஐ.சி.யூ.-வில் வென்டிலேட்டர் நோயாளிக்குத் தனி ஆள் உண்டா, தொடர்ந்து எத்தனை நைட், நைட் முடிந்த மறுநாள் ஆஃப் தருகிறார்களா, ரிலீவர் வராவிட்டால் டபுள் டூட்டிக்குப் பணம் உண்டா.

கேள்வி: மகனுக்கு கேம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட பாண்ட், இடையில் விட்டால் 2 லட்சம். மார்க்‌ஷீட் ஒரிஜினலும் கையெழுத்துப் போட்ட வெற்று காசோலையும் கேட்கிறார்கள். பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறார் நண்பர். உண்மையா? - திருநெல்வேலி வாசகர்

பதில்: நண்பர் சொல்வது பழைய நம்பிக்கை. பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு வேலைக்கே போகக் கூடாது என்று தடுப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு ஏற்காது, ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை அதில் சேராது. ஆறுதல் 74-ஆவது பிரிவில் இருக்கிறது: எழுதிய தொகைக்கு உட்பட்டு, நியாயமான இழப்பீடு மட்டுமே. எனவே பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவு, மாதாமாதம் தொகை குறையுமா, கம்பெனியே வெளியேற்றினாலும் கட்ட வேண்டுமா, பயிற்சி மாதங்கள் இரண்டு வருடத்தில் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். வெற்றுக் காசோலை பாண்டைவிட ஆபத்து. அவர்கள் தொகையை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் அது காசோலை மோசடி வழக்காக, கிரிமினல் பக்கம் போய்விடும். இந்த இரண்டையும் வலியுறுத்தும் இடம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: கையில் 1.1 லட்சம் வருகிறது, வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 38,000. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையானாலே வயிறு கலங்குகிறது. பேசாமல் ராஜினாமா கடிதத்தை வீசிவிடலாமா? - வாசகி, சென்னை

பதில்: வீச வேண்டாம், தேதி குறியுங்கள். இ.எம்.ஐ.யையும் வீட்டுச் செலவையும் கூட்டி ஆறால் பெருக்குங்கள். அந்தத் தொகை தனிக் கணக்கில் சேரும் மாதம்தான் உங்கள் கெடு. வேறு வேலை தேடுவதை இன்றே ஆரம்பிக்கலாம். 90 நாள் நோட்டீஸ் இருப்பவர்களுக்கு ஆஃபர் கிடைத்த பிறகும் மூன்று மாதம் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இதற்கிடையே அதே கம்பெனியில் வேறு டீம் கிடைக்குமா என்று பாருங்கள். பெரிய கம்பெனிகளில் "சூழல்" என்பது நேர் மேலதிகாரியும் அவரைச் சுற்றி உள்ள பத்துப் பேரும்தான். மாடி மாறினால் ஊரே மாறின மாதிரி இருக்கும்.

திட்டிய தேதி, வார்த்தை, அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றைச் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். பேச்சில் பாலியல் சாயல் இருந்தால் உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கெடுவுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள் இரண்டு. உடம்பு கெட்டு மருத்துவர் எச்சரித்தால் ஒன்று. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் இன்னொன்று.

கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குத் தனி பாலிசிகளில் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். விலகும் முன்பே சொந்த பாலிசி எடுங்கள், அல்லது அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ராஜினாமா கொடுத்ததும் "அதே சம்பளம் நாங்களே தருகிறோம், இரு" என்கிறார்கள். இருக்கலாமா?

பதில்: சம்பளம் மட்டுமே காரணம் என்றால் இருக்கலாம். புதிய தொகையும் எந்த மாதம் முதல் என்பதும் எச்.ஆர். கடிதமாக வர வேண்டும்; மேனேஜர் வாய்மொழி கணக்கில் சேராது. அடுத்த அப்ரைசலில் "போன தடவையே கூட்டிட்டோமே" என்று கழிப்பார்களா என்பதையும் கேளுங்கள். நேரம், லீவு, மேலதிகாரி காரணம் என்றால் அதில் எது மாறும், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்புங்கள். இருப்பதாக முடிவு செய்தால் புதிய கம்பெனிக்கு அன்றே மெயில் போட்டுவிடுங்கள், சேரும் நாள்வரை இழுக்காதீர்கள்.